டாஸ்டர்ட்லி நிற்காமல் போனால் அது டாஸ்டர்ட்லியா? ட்ரீம்காஸ்ட் 'வேக்கி ரேசஸ்' பற்றி ஒரு சண்டை

நீலக்கொடி

இரண்டு வாரமாக சேகாவின் பழைய ட்ரீம்காஸ்ட் கன்சோலில் 'வேக்கி ரேசஸ்' ஆடிக்கொண்டிருக்கிறேன். தெரியாதவர்களுக்காக: 1968-இல் ஹன்னா-பார்பெரா ஸ்டுடியோ எடுத்த கார்ட்டூன் தொடரை வைத்து 2000-இல் இன்ஃபோகிராம்ஸ் வெளியிட்ட ரேஸ் கேம் இது. உருவாக்கியவர்கள் அவர்களுடைய ஷெஃபீல்டு ஸ்டுடியோ, அதாவது முன்பு கிரெம்லின் என்ற கேம் நிறுவனமாக இருந்த ஆட்கள். கார்ட்டூனில் இருந்த பதினோரு வண்டிகளும் இதில் உண்டு. வில்லன் டாஸ்டர்ட்லியின் வண்டியைக்கூட நாமே ஓட்டலாம்.

பார்க்க அவ்வளவு அழகு. குறையே சொல்ல மாட்டேன். ஆனால் ஆட ஆட ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. என்னவென்று நேற்றுதான் பிடிபட்டது.

கார்ட்டூனில் டிக் டாஸ்டர்ட்லி எப்படித் தோற்கிறான் என்று யோசித்துப் பாருங்கள். அவனுடைய 00 எண் வண்டி மெதுவான வண்டியே இல்லை. எத்தனையோ எபிசோடுகளில் அவன்தான் எல்லாருக்கும் முன்னால் போய்விடுவான். பேசாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு போனாலே கோப்பை அவனுக்கு. ஆனால் நிற்பான். வண்டியை ஓரங்கட்டுவான், தன் நாய் மட்லியைக் கூப்பிடுவான், வழிகாட்டிப் பலகையைத் திருப்பி வைப்பான், மலைப்பாதையில் பாறையை உருட்டத் தயாராவான். அவன் அங்கே குனிந்து வேலை பார்க்கிற நேரத்தில் ஒவ்வொரு வண்டியாக அவனைத் தாண்டிப் போகும். கடைசியில் அந்தப் பாறை அவன் தலையிலேயே விழும். கெடுவான் கேடு நினைப்பான் என்பதை வாரம் இரண்டு ரேஸ் வீதம் வரைந்து காட்டினார்கள். 17 எபிசோடு, 34 ரேஸ். ஒன்றில்கூட அவன் ஜெயிக்கவில்லை.

கேமில் என்ன நடக்கிறது? ஒரு பட்டனை அழுத்தினால் பொறி விழுகிறது. வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிறது. நிற்க வேண்டாம், இறங்க வேண்டாம், பின்னால் வருகிறவன் தாண்டிவிடுவானோ என்று திரும்பிப் பார்க்கக்கூட வேண்டாம். சூழ்ச்சி செய்தவன் அதற்கு விலை கொடுப்பதில்லை. அந்த விலைதான் இந்தக் கார்ட்டூனின் உயிர் என்று நான் நினைக்கிறேன். உடம்பை அப்படியே எடுத்து வைத்துவிட்டு உயிரை விட்டுவிட்டார்கள்.

சக்கரம்72

நீலக்கொடி, நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில், விலையே இல்லை என்கிறீர்கள். இருக்கிறதே! இந்தக் கேமில் ஆயுதம் சும்மா கிடைப்பதில்லை. பாதையில் கிடக்கிற டோக்கன்களைப் பொறுக்கினால்தான் வண்டியின் தனித்திறமைகளைப் பயன்படுத்த முடியும். வளைவில் உள்பக்கமாக ஒட்டிப் போனால் நேரம் மிச்சம். ஆனால் டோக்கன் வெளிப்பக்கம் கிடக்கிறது. எதை எடுப்பது? அந்த அரை வினாடித் தடுமாற்றம்தான் நீங்கள் கேட்கிற விலை. டாஸ்டர்ட்லி சாலையோரம் குனிந்து நிற்பதை ரேஸ் கேமின் மொழியில் சொன்னால் அது இப்படித்தான் வரும்.

இரண்டாவது, இதே வகையில் வந்த மற்ற கேம்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1992-இல் சூப்பர் மாரியோ கார்ட் வந்த பிறகு எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்: கேள்விக்குறி போட்ட கட்டம், அதன் மேல் ஏறினால் ஏதோ ஒரு ஆயுதம். யார் ஓட்டினாலும் அதே ஆமை ஓடு, அதே வாழைப்பழத் தோல். வேக்கி ரேசஸ் அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் அதற்கே உரிய வித்தைகளைக் கொடுத்தது. ஸ்லாக் சகோதரர்களின் கல் வண்டியை ஓட்டுவதும் புரொபசர் பேட் பெண்டிங்கின் உருமாறும் வண்டியை ஓட்டுவதும் வேறு வேறு அனுபவம். 2000-இல் கார்ட்டூன் உரிமம் வாங்கிச் செய்த எத்தனை கேம்கள் இவ்வளவு மெனக்கெட்டன?

இதே தொடரை வைத்து 1991-இல் பழைய நின்டெண்டோ கன்சோலுக்கு ஒரு கேம் வந்தது. அட்லஸ் நிறுவனம் செய்தது. அதில் ரேஸே கிடையாது! மட்லி குதித்துக் குதித்துப் போகிற சாதாரண பிளாட்ஃபார்ம் கேம். ரேஸ் தொடரின் பெயரில் ரேஸ் இல்லாத கேம். அதைப் பார்த்தவனுக்கு ட்ரீம்காஸ்ட் கேம் எவ்வளவு உண்மையானது என்று புரியும்.

மூன்றாவதுதான் முக்கியம். கார்ட்டூனில் டாஸ்டர்ட்லி நிற்கும்போது நாம் பார்வையாளர்கள். அவன் நிற்பது நமக்குச் சிரிப்பு. கேமில் நாமே டாஸ்டர்ட்லி. கையில் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு வண்டி நிற்பதைப் பார்ப்பது சிரிப்பா? அது காத்திருப்பு. காத்திருப்பு எந்த ரேஸ் கேமிலும் தண்டனைதான்.

கோட்டோவியன்

நான் படம் வரைகிறவன், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

இந்தக் கேமின் தோற்றத்தை இரண்டு பேரும் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அதற்கு இன்னும் மரியாதை தர வேண்டும். செல் ஷேடிங் என்பது 2000-இல் புத்தம் புதுசு. ஜெட் செட் ரேடியோவும் அதே வருஷம்தான், அதே ட்ரீம்காஸ்ட்டில். பொதுவாக ஒரு முப்பரிமாண உருவத்தில் வெளிச்சம் படிப்படியாகக் குறைந்து நிழலாகும். செல் ஷேடிங்கில் அந்தப் படிகளை வெட்டிவிடுவார்கள்: இது வெளிச்சம், இது நிழல், நடுவில் எதுவும் இல்லை. கறுப்புக் கோட்டுக்கு அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஒரு தந்திரம் செய்தார்கள். அதே உருவத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, உள்ளும் புறமும் திருப்பி, கறுப்பு அடித்துப் பின்னால் வைத்துவிடுவது. ஓரத்தில் எட்டிப் பார்க்கிற கறுப்புதான் கோடு.

ஹன்னா-பார்பெராவின் படங்களுக்கு இது பொருந்துகிற மாதிரி வேறு எதற்கும் பொருந்தாது. அவர்கள் தொலைக்காட்சிக்காகச் செலவைக் குறைத்து வரைந்தவர்கள். தட்டையான நிறம், தடித்த கோடு, ஒரே பின்னணி திரும்பத் திரும்ப ஓடும். இவாவோ டகமோட்டோவும் ஜெர்ரி ஐசன்பெர்கும் அந்த வண்டிகளை வடிவமைத்த விதத்தைப் பாருங்கள். நிழலுருவை மட்டும் காட்டினாலே எந்த வண்டி என்று சொல்லிவிடலாம். பீட்டர் பெர்ஃபெக்ட் வண்டியின் நீண்ட மூக்கு, க்ரீப்பி கூப்பின் மணிக்கூண்டு, லேசி லூக்கின் வண்டியில் இருக்கிற தொப்பை அடுப்பு.

ஆனால் சிக்கலும் அங்கேதான். அந்த நிழலுருவங்கள் எல்லாம் பக்கவாட்டில் பார்க்க வரையப்பட்டவை. கார்ட்டூனில் வண்டிகள் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் ஓடும். ரேஸ் கேமில் கேமரா வண்டிக்குப் பின்னால் நிற்கிறது. ஒரு மணி நேரம் ஆடினால் நீங்கள் என்ன பார்க்கிறீர்கள்? ஒரு வண்டியின் முதுகு.

மட்லியின் சிரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணை இடுக்கிக்கொண்டு சிரிப்பான். அவனுக்குக் குரல் கொடுத்த டான் மெசிக்கின் அந்த மூச்சுத் திணறல் சத்தம் காதை விட்டுப் போகாது. அதில் பாதி வேலை கை செய்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் அந்தக் கையே தெரியாது. மட்லி முன்னால் எதையோ சாப்பிடுகிறானா, சிரிக்கிறானா, அழுகிறானா என்று எப்படித் தெரியும்?

ஆகவே நீலக்கொடி சொல்கிற உயிர் போனது பொறியால் மட்டும் இல்லை. கேமராவைப் பின்னால் வைத்தபோதே பாதி போய்விட்டது என்பது என் கருத்து.

மின்மினி

நீங்கள் எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்.

என் அக்கா மகளுக்கு ஒன்பது வயசு. கார்ட்டூனைப் பத்துப் பன்னிரண்டு எபிசோடு பார்த்திருக்கிறாள். கேமைப் போட்டுக் கொடுத்தேன். டாஸ்டர்ட்லியை எடுத்துக்கொண்டு ஓட்டினாள், முதலாவதாக வந்தாள். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "சித்தி, இவன் ஜெயிக்கக் கூடாதே" என்றாள். கோபம் இல்லை, ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி முகம். அப்புறம் பெனலோப் பிட்ஸ்டாப்பை எடுத்துக்கொண்டாள், அதற்குப் பிறகு டாஸ்டர்ட்லி பக்கம் போகவே இல்லை.

அவளுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

கடைசி வளைவு

மின்மினி, "நீ நன்றாக ஓட்டினாய், அதனால் ஜெயித்தாய்" என்று சொல்லியிருக்க வேண்டும். கேம் என்றால் அதுதான். யாருடைய வண்டி என்பதை வைத்து முடிவு வந்தால் அது போட்டி இல்லை.

என் குறை வேறு. இந்த வகைக் கேம்களில் ஆடுகிறவனுக்கு நியாயமே கிடைப்பதில்லை. இரண்டு சுற்று உயிரைக் கொடுத்து முன்னால் போயிருப்பேன். மூன்றாவது சுற்றில் கணினி ஓட்டுகிற வண்டி எங்கிருந்தோ வந்து முதுகில் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் பேண்ட் என்று சொல்வோமே, அது. நான் எவ்வளவு தூரம் முன்னால் போகிறேனோ அவ்வளவுக்கு எதிரியின் வேகத்தைக் கூட்டுவது, பின்தங்கினால் குறைப்பது. சூப்பர் மாரியோ கார்ட்டில் எதிரிகளில் யார் முன்னால், யார் பின்னால் என்ற வரிசையே ஏறக்குறைய முன்கூட்டித் தீர்மானித்து வைத்திருந்தார்கள். 1996-இல் மாரியோ கார்ட் 64 நீல ஆமை ஓட்டைக் கொண்டு வந்தது. முதலில் போகிறவனைத் தேடிப் பிடித்து அடிக்கிற ஓடு. முதலில் போவதே குற்றம் என்கிற மாதிரி!

வேக்கி ரேசஸ் ஆடும்போதும் எனக்கு அதே உணர்வுதான். கடைசி வளைவில் தோற்ற கோபத்தில் வைத்துக்கொண்ட பெயர்தான் இது. டாஸ்டர்ட்லி நிற்க வேண்டுமா என்ற கேள்வியே எனக்கு இரண்டாம்பட்சம். உழைத்தவனுக்குப் பலன் கிடைக்கிறதா? அதைச் சரி செய்யுங்கள், அப்புறம் மற்றதைப் பேசலாம்.

நீலக்கொடி

கடைசி வளைவு, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் இந்தத் தொடர் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் ஒருவேளை வேறு மாதிரிப் பார்ப்பீர்கள்.

வேக்கி ரேசஸை ஹன்னா-பார்பெரா தனியாக எடுக்கவில்லை. ஹீட்டர்-க்விக்லி என்று ஒரு நிறுவனம் கூட இருந்தது. அவர்கள் தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சிகள் செய்கிறவர்கள். முதல் திட்டப்படி இந்தக் கார்ட்டூன் ரேஸ் ஒரு போட்டி நிகழ்ச்சியின் உள்ளே வர வேண்டியது. எந்த வண்டி ஜெயிக்கும் என்று அரங்கத்தில் இருக்கிற குழந்தைகள் ஊகிக்க வேண்டும். அந்த நிகழ்ச்சி நடக்கவில்லை, ரேஸ் மட்டும் தனித் தொடராக வந்துவிட்டது.

இப்போது அந்த 34 ரேஸ்களின் முடிவை எடுத்துப் பாருங்கள். டாஸ்டர்ட்லியை விட்டுவிட்டால் மற்ற பத்து வண்டிகளும் மூன்று அல்லது நான்கு தடவை ஜெயித்திருக்கின்றன. ஒருத்தர்கூட ஐந்து இல்லை, ஒருத்தர்கூட இரண்டு இல்லை. ஊகிக்கிற விளையாட்டுக்காகப் பிறந்ததால்தான் இப்படிச் சமமாகப் பிரித்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த வண்டி வேகமானது என்று ஒரு குழந்தையால் கண்டுபிடித்துவிட முடியக் கூடாது இல்லையா?

அதாவது அந்தக் கார்ட்டூனில் பத்துப் பேரும் ஒரே தட்டில். தராசில் ஏறாதவன் ஒருத்தன் மட்டும். அவன் ஏறாததற்குக் காரணம் வேகம் இல்லை, குணம். மின்மினியின் அக்கா மகள் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்தது அந்தக் கேமைச் செய்தவர்களுக்குத் தெரியாமல் போனதுதான் என் வருத்தம்.

சக்கரம்72

அருமையான தகவல், நீலக்கொடி. ஆனால் அது உங்கள் பக்கம் பேசவில்லை, என் பக்கம்தான் பேசுகிறது.

மூன்று, நான்கு, மூன்று, நான்கு என்று வெற்றிகளைப் பகிர்ந்து கொடுத்தார்கள் என்கிறீர்கள். அப்படியென்றால் அங்கே ரப்பர் பேண்டை இழுத்துக்கொண்டிருந்தது கதை எழுதியவர்கள்தானே? க்ரீப்பி கூப்பை ஓட்டுகிற க்ரூசம் டூசம் ஜோடி இரண்டு வாரம் ஜெயிக்கவில்லை, இந்த வாரம் அவர்களை முன்னால் தள்ளு. கடைசி நொடியில் எங்கிருந்தோ ஒரு வண்டி வந்து மூக்கை நீட்டி ஜெயிக்கிறது. கடைசி வளைவு புலம்புகிறாரே, அதே காட்சி! கேம் அதைத்தான் செய்கிறது. அந்த வகையில் அதைவிட உண்மையாகக் கார்ட்டூனைப் பின்பற்ற முடியாது.

அடுத்தது டாஸ்டர்ட்லியின் குணம். குணத்தை ஆடுகிறவன் கையில் திணிக்க முடியாது. பால் வின்செல் அந்தக் குரலில் பேசும்போது டாஸ்டர்ட்லி டாஸ்டர்ட்லியாக இருக்கிறான், ஏனென்றால் அவன் என்ன செய்ய வேண்டும் என்று வேறு ஒருத்தர் எழுதி வைத்திருக்கிறார். என் கையில் வந்த பிறகு அவன் நான். நான் சூழ்ச்சிக்காரன் இல்லை. எனக்கு வேகமாக ஓட்டத் தெரியும், ஓட்டுகிறேன். நீங்கள் கேட்பது கேம் அல்ல, கார்ட்டூனை மறுபடி ஓட்டிக் காட்டுகிற இயந்திரம். அதற்கு அந்தப் 17 எபிசோடுகளையே பார்த்துவிடலாம்.

கடைசி வளைவு

சக்கரம்72, கதை எழுதுகிறவர் ரப்பர் பேண்டை இழுத்தால் ஏமாறுவது பீட்டர் பெர்ஃபெக்ட். அவனுக்கு வலிக்காது. கேமில் ஏமாறுவது நான். எனக்கு வலிக்கிறது. இந்த இரண்டையும் எப்படி ஒன்று என்கிறீர்கள்?

இருந்தாலும் நீலக்கொடி சொன்னதை யோசித்துக்கொண்டு வேறு சில கேம்களை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அவர் எதையோ பிடித்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது.

அதே 2000-இல், அதே ட்ரீம்காஸ்ட்டில், அதே இன்ஃபோகிராம்ஸ் வெளியிட்ட 'லூனி டியூன்ஸ் ஸ்பேஸ் ரேஸ்' இருக்கிறது. மெல்போர்ன் ஹவுஸ் செய்தது. அதுவும் கார்ட்டூன் தோற்றம்தான், ஆயுதங்கள் எல்லாம் அக்மி கம்பெனி சாமான்கள். கார்ட்டூனில் அக்மி சாமானுக்கு ஒரே ஒரு விதி: வாங்கினவனையே அது அடிக்கும். வைலி கொயோட்டி பாறை உச்சியில் பெட்டியைப் பிரிக்கும்போதே நமக்குத் தெரியும், இது அவன் மேல்தான் வெடிக்கப் போகிறது என்று. கேமில் அவனை ஓட்டினேன். எறிந்தேன், எதிரி மேல் பட்டது, தாண்டிப் போனேன். எறிந்தவன் கொயோட்டியாக இல்லாமல் யாராக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கம் 'மிக்கிஸ் ஸ்பீட்வே யுஎஸ்ஏ'. ரேர் நிறுவனம் நின்டெண்டோ 64-க்குச் செய்தது, அதுவும் 2000. புளூட்டோவை மரநாய்க் கும்பல் கடத்திவிடுகிறது, மிக்கியும் கூட்டாளிகளும் அமெரிக்கா முழுக்கத் துரத்திக்கொண்டு போகிறார்கள். ஓட்டுவதற்கு அது இந்த மூன்றிலும் சிறந்தது. 1997-இல் டிடி காங் ரேசிங் செய்த கை அது, வளைவில் வண்டி வழுக்குகிற அழகே தனி. ஆனால் டொனால்டுக்குப் பதில் ஒரு தக்காளியை உட்கார வைத்தாலும் ஆட்டம் மாறாது. டொனால்டு என்றால் கோபம். அந்தக் கோபம் கேமில் எங்கே? குரலில் மட்டும்.

நல்ல ரேஸ் கேம் வேண்டும் என்று சண்டை போட்டவன் நான். இப்போது யோசித்தால், நல்ல ரேஸ் கேமில் கார்ட்டூன் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

கோட்டோவியன்

டொனால்டுக்கு அடி பட்டால் இரண்டு வினாடி வண்டி கட்டுப்பாடு இல்லாமல் சீறிப் பாய வேண்டும். வேகம் அதிகம், ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. அதுதான் டொனால்டு. ஒரு மாலை வேலை, அதிகம் இல்லை.

இதோடு இன்னொன்று. மட்லிக்கு மெடல் கொடுத்தால்தான் வேலை செய்வான், கேமில் அதைச் சேர்த்திருக்கலாம் என்று வேறு ஒரு இடத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். மெடல் இந்தத் தொடரில் இல்லை. அது 1969-இல் வந்த அடுத்த தொடர், டாஸ்டர்ட்லியும் மட்லியும் விமானத்தில் தபால் புறாவைத் துரத்துகிறார்களே, அதில் வருவது. ரேஸில் மட்லி சம்பளம் இல்லாமல்தான் சிரிக்கிறான்.

சக்கரம்72

சரி, ஒரு யோசனை. நீலக்கொடி, நீங்களே செய்து பாருங்கள். கேமை யாரும் மாற்ற வேண்டாம். டாஸ்டர்ட்லி வண்டியை எடுங்கள். பொறி வைக்கிற ஒவ்வொரு தடவையும் முதலில் பிரேக்கை மிதித்து முழுசாக நிறுத்துங்கள், அதற்குப் பிறகு பட்டனை அழுத்துங்கள். பத்து ரேஸ் ஆடிவிட்டு உண்மையைச் சொல்லுங்கள். மூன்றாவது ரேஸிலேயே கன்ட்ரோலரைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள் என்று நான் நம்புகிறேன்.

நீலக்கொடி

ஆடிவிட்டேன். பத்து இல்லை, பதினாலு ரேஸ். உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

முதல் மூன்று ரேஸ் நரகம். சக்கரம்72 சொன்னது அப்படியே நடந்தது. நிறுத்தினேன், பொறி வைத்தேன், எல்லாரும் போய்விட்டார்கள், நான் கடைசி. யாரும் இல்லாத சாலையில் பொறி வைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

நான்காவது ரேஸில் ஒரு விஷயம் புரிந்தது. பின்னால் இருந்துகொண்டு நின்றால் பிரயோஜனம் இல்லை. டாஸ்டர்ட்லி எப்போது நிற்பான்? முன்னால் போன பிறகு. ஆகவே பொறியைப் பற்றி மறந்துவிட்டு முதலில் வெறித்தனமாக ஓட்டி முதலிடத்துக்குப் போக வேண்டியிருந்தது. டோக்கனையும் சேர்த்துக்கொண்டு, அதே சமயம் எல்லாரையும் தாண்ட வேண்டும். சாதாரணமாக ஆடும்போது நான் இவ்வளவு கவனமாக ஓட்டியதே இல்லை.

அப்புறம் அந்த நிற்கிற கணம். இதை எப்படிச் சொல்வது? ஒரு குறுகலான வளைவு தாண்டியதும் பிரேக். சத்தம் அடங்குகிறது. இத்தனை நேரம் பறந்துகொண்டிருந்த மரமும் வேலியும் அப்படியே நின்றுவிடுகின்றன. பின்னால் என்ஜின் சத்தங்கள், முதலில் மெலிதாக, அப்புறம் நெருங்கி. பட்டனில் விரல் இருக்கிறது. இப்போதே வைத்துவிட்டுக் கிளம்பலாமா, இன்னும் ஒரு நொடி காத்திருந்தால் இரண்டு பேரைச் சேர்த்துப் பிடிக்கலாமா? அந்த ஒரு நொடி ஆசை இருக்கிறதே, அதுதான் டாஸ்டர்ட்லி! காலடியில் பாறையை வைத்துக்கொண்டு அவன் கையைத் தேய்ப்பானே, அது ஏன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பதினாலு ரேஸில் ஒன்பது தடவை அந்த ஆசையால் தோற்றேன்.

கோட்டோவியனுக்கு ஒன்று: வண்டி நின்ற பிறகு கேமராவைப் பற்றி எனக்கு வருத்தம் குறைந்தது. பறக்கிறபோது பார்க்காத வண்டியை நிற்கிறபோது பார்க்கிறோம். கோடும் நிறமும் அப்போதுதான் கண்ணில் படுகின்றன.

எத்தனை ஜெயித்தேன் என்று கேட்பீர்கள். இரண்டு. இரண்டிலும் ஒரு பொறிகூட வைக்கவில்லை. வைக்க நேரமே அமையவில்லை. கோடு தாண்டியதும் மனசுக்குள் ஏதோ காலியாக இருந்தது.

சக்கரம்72

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். "காத்திருப்பு எந்த ரேஸ் கேமிலும் தண்டனைதான்" என்று எழுதியிருந்தேன். அந்த வரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பின்னாலிருந்து யாராவது வந்துகொண்டிருந்தால் காத்திருப்பு தண்டனை இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் மற்றதை விட மாட்டேன். நீங்கள் ஆடியது நல்ல ஆட்டம், சந்தேகமே இல்லை. அதை ஆட வைத்தது உங்களுடைய விதி. யாரும் கட்டாயப்படுத்தாமல் நீங்களே நின்றீர்கள். கேம் உங்களைக் கட்டாயப்படுத்தி நிறுத்தியிருந்தால் அந்த ஆசை வந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்று இருந்ததால்தான் உங்களுக்கு டாஸ்டர்ட்லியின் மனசு தெரிந்தது. அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தது நீங்கள் குறை சொல்கிற அதே கேம்தான்.

நீலக்கொடி

நிற்பவனுக்கு ஏதாவது கொடுத்திருக்கலாமே என்றுதான் கேட்கிறேன். நின்று வைத்தால் பெரிய பொறி, ஓடிக்கொண்டே போட்டால் சின்னப் பொறி. அவ்வளவு போதும். கட்டாயம் வேண்டாம், ஆசை காட்டினால் போதும். டாஸ்டர்ட்லிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

சக்கரம்72

அது நல்ல யோசனை. அதற்கு என்னிடம் பதில் இல்லை, யோசித்துவிட்டு வருகிறேன்.

மின்மினி

நீலக்கொடி எழுதியதை அக்கா மகளுக்குப் படித்துக் காட்டினேன். உடனே ஆட வேண்டும் என்றாள். திரையை இரண்டாகப் பிரித்து, நான் பெனலோப், அவள் டாஸ்டர்ட்லி. அதே நிறுத்துகிற விதி.

கடைசிச் சுற்றில் அவள்தான் முதலில் போய்க்கொண்டிருந்தாள். கடைசி வளைவும் முடிந்து முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது. பின்னால் நான் நல்ல தூரத்தில். அப்படியே போயிருந்தால் ஜெயித்துவிட்டிருப்பாள். திடீரென்று பிரேக்கை அழுத்திவிட்டாள். கோட்டுக்கு இந்தப் பக்கம், நடுச்சாலையில் வண்டி நிற்கிறது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் பாதித் திரையை ஓரக்கண்ணால் பார்க்கிறாள்.

நான் ஒதுங்கிப் போய்விட்டேன். எனக்குப் பின்னால் வந்த இரண்டு வண்டிகளும் போய்விட்டன. அவள் நான்காவது.

"ஏன் கண்ணு நின்ற? ஜெயிச்சிருப்பியே" என்றேன்.

வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, மட்லி மாதிரியே சிரித்தாள். இன்னொரு ரேஸ் போடச் சொன்னாள். இந்த முறையும் டாஸ்டர்ட்லிதான் வேண்டுமாம்.